கதாபாத்திரம் பேசும்போது என்ன செய்கிறது: சேர்லா, கிரைஸா, நன்னூலா?

சிறுகதை உரையாடலில் பேச்சுச்செயல்களை, அதாவது பேசுவதன் மூலமே நாம் செய்யும் செயல்களை, பார்க்கப் புகுபவர்கள் முதலில் எடுப்பது தத்துவவாதி ஜான் சேர்லின் ஐந்து வகைப் பட்டியலைத்தான்: தகவல் கூறுவது, ஒன்றைச் செய்யச் சொல்வது, வாக்குக் கொடுப்பது, உணர்வை வெளியிடுவது, சொன்னாலே நடந்துவிடுவது. எனக்கு அதில் பாதித் திருப்திதான், ஏனென்று புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை வைத்தே சொல்கிறேன்.

தொடக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். டிராமிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், கேட்டுக் கேட்டு நடந்தும் போகலாம், மதுரைக்கு வழி வாயிலே என்கிறார் பிள்ளை. சேர்லின்படி முதலாவது ஒன்றைச் செய்யச் சொல்வது, இரண்டாவது தகவல் கூறுவது. சரி, அப்புறம்? சிரிப்பு எங்கே போனது? பேசுபவர்கள் தேவையான அளவு, பொருத்தமாகப் பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்பையும் அதை மீறினால் என்ன பொருள் பிறக்கும் என்பதையும் விளக்கிய தத்துவவாதி பால் கிரைஸின் கணக்கு இங்கே பிரமாதமாக வேலை செய்கிறது: கேட்ட வழியைத் தவிர மற்றதெல்லாம் பதிலில் இருக்கிறது, அளவும் பொருத்தமும் வேண்டுமென்றே மீறப்படுகின்றன, அந்த மீறலிலேயே பிள்ளையின் குசும்பு தெரிகிறது. வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை, தான் கேட்டது மதுரைக்கு இல்லை என்று பழமொழியை நேர்ப்பொருளில் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள், நட்பு தொடங்கிவிடுகிறது.

நன்னூலைப் பள்ளியோடு விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். அந்த இலக்கண நூலில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை. "பையனுக்குச் சட்டை இல்லையா?" என்று கேட்பது கொடுப்பதற்காக என்றால் அது கொடை வினா. சேர்ல் 1975இல் மறைமுகப் பேச்சுச்செயல் (ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்வது) என்று எழுதியதன் ஒரு கீற்று நன்னூலை எழுதிய பவணந்தியிடம் 13ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஆனால் அது வினா விடையோடு நின்றுவிடுகிறது. பிள்ளையின் அந்த 'மதுரைக்கு வழி' பதிலை, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடையில் அடக்கலாமா என்று பார்த்தேன், முழுதாகப் பொருந்தவில்லை.

ஆக, நையாண்டிக்குக் கிரைஸ், கேள்விகளைத் தரம் பிரிக்க நன்னூல், இப்படித்தான் நான் எடுப்பேன். சேர்லையும் அவருக்கு முன்னோடியான ஆஸ்டினையும் வரம், சாபம், சத்தியம் வரும் இடங்களுக்கு வைத்துக்கொள்வேன். வந்தவர் கடவுள் என்று தெரிந்ததும், வரம் கொடுக்கும் வித்தையெல்லாம் தன்னிடம் செல்லாது என்று பிள்ளை முன்கூட்டியே மறுத்துவிடுகிறார். வரம் என்பது சொன்னாலே நடந்துவிடுகிற பேச்சு. ஆனாலும் வாங்கிக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தைத்தான் பிள்ளை காலியாக விடுகிறார், கடவுளே சொன்னாலும் அங்கே அது வெறும் வார்த்தைதான். இதைக் கிரைஸை வைத்துப் பிடிக்க முடியாது.