ஓகடோக்ஸா, மேடிசனா? பனியாறு விட்டுப்போன இரண்டு பாறைகள்

பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, சுமந்து வந்து விட்டுப்போன இந்த இரண்டு பாறைகளையும் பார்த்தாயிற்று. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் கனடாவில் ஆல்பர்ட்டாவின் ஓகடோக்ஸ் 'பிக் ராக்' பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்வேன்.

எடையில் பேச்சுக்கே இடமில்லை. அது சுமார் 16,500 டன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மேடிசன் பாறை 5,000 டன் அளவு. இரண்டையும் பார்க்க அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. ஆனால் என்னைச் சாய்த்தது எடை அல்ல, பாறை கிடக்கும் இடம்.

மேடிசன் பாறை காட்டுக்குள் இருக்கிறது. மரங்களைத் தாண்டினால் திடீரென்று 7 மீட்டர் உயரச் சுவர். அதன் அடிப்பாகம் இன்னும் மண்ணுக்குள். மலைக்கத்தான் வைக்கிறது. ஆனால் அதுவும் கிரானைட், சுற்றியுள்ள மலைகளிலும் கிரானைட். 'இது இங்கே எப்படி வந்தது?' என்ற கேள்வியைத் தகவல் பலகைதான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

ஓகடோக்ஸில் அந்தக் கேள்வி சாலையிலேயே தொடங்கிவிடும். சமவெளி, வயல், நடுவே வீடு உயரத்துக்கு ஒரு கல். அடியில் இருப்பதோ மென்மையான மணற்கல்லும் களிப்பாறையும். இந்தப் பாறையோ குவார்ட்சைட் என்ற கெட்டியான கல் வகை. மேற்கே ராக்கி மலைகளில் ஜாஸ்பர் பக்கம் மலைச்சரிவு ஒன்று பனியாற்றின் முதுகில் சரிந்து விழ, கிழக்கே வந்த அந்தப் பனியாற்றை எதிரே நின்ற பெரும் பனிப்படலம் மறித்துத் தெற்கே திருப்பியிருக்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தாலே 350 கிலோமீட்டர். அடியில் அரைபடாமல் மேலேயே சவாரி செய்ததால்தான் விளிம்புகள் இன்னும் மழுங்கவில்லை. அதே வழியில் சின்னதும் பெரிதுமாய் எத்தனையோ கற்கள் உதிர்ந்து கிடக்கின்றன. இது அந்த வரிசையின் அண்ணன்.

பாறை நடுவில் பிளந்திருப்பதற்கு அந்தப் பகுதியின் பழங்குடிகளான பிளாக்ஃபுட் மக்களிடம் ஒரு கதை உண்டு. அவர்கள் கதைகளில் வரும் குறும்புக்கார நாயகன் நாப்பி தன் போர்வையைப் பாறைக்குத் தானமாகக் கொடுத்தான். மழை வந்ததும் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். கோபத்தில் பாறை துரத்த, வௌவால்கள் மோதி அதை உடைத்தன. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் கல்லுக்கும் கோபம் வரும்போல! அதன் மேல் பழைய செங்காவி ஓவியங்கள் இருப்பதால் ஏறாமல் இருப்பதே மரியாதை.

மேடிசனுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் இலையுதிர் காலத்தில்தான் போனேன். ஆகவே என் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். கோடை வெயிலில் அந்த மரநிழல் பெரிய வரமாக இருக்கும். ஓகடோக்ஸில் பாறையின் நிழலை விட்டால் ஒதுங்க இடமில்லை, தொப்பி அவசியம்.