நாய்க்குட்டி யாரிடம் வாங்குவது: கடையா, வீட்டு ஈத்தா, ப்ரீடரா?

லாப்ரடார்தான் வேண்டும், பக்தான் வேண்டும் என்று இனத்தை முடிவு செய்தாயிற்று. அடுத்த கேள்வி, யாரிடம் வாங்குவது? மூன்று பேர் இருக்கிறார்கள்: கடைக்காரரோ ஆன்லைனில் விளம்பரம் போடும் தரகரோ ஒருவர், வளர்ப்பு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லும் குடும்பம் ஒன்று, அந்த இனத்தை மட்டுமே வளர்த்துப் பெருக்கும் ப்ரீடர் ஒருவர்.

தரகரைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அவரிடம் தாய் நாயைப் பார்க்க முடியாது, அது ஒன்றே போதும். பெட்டை நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறைதான் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அப்படியிருக்க, எப்போது கேட்டாலும் ஐந்தாறு இனங்களில் குட்டி தயார் என்றால், எங்கோ பல பெட்டைகள் ஓய்வில்லாமல் ஈன்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பதை 2020-ல் சட்டமே தடுத்துவிட்டது. பல இடத்துக் குட்டிகள் ஒன்றாக அடைபடும்போது பார்வோ என்ற வைரஸ் நோய் பரவுவதும் எளிது. வாங்கும் நாளில் துள்ளும் குட்டி, ஐந்தாறு நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகப் படுத்துவிடலாம்.

யோசிக்க வேண்டிய போட்டி வீட்டு ஈத்துக்கும் ப்ரீடருக்கும் இடையில்தான்.

வீட்டு ஈத்தின் பலத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்து, எதைக் கேட்டு வளர்கிறதோ அதுதான் அதற்குப் பழகிய உலகம். மிக்சி சத்தம், குழந்தைகளின் ஓட்டம், வந்துபோகும் விருந்தாளிகள் எல்லாம் ஒரு வீட்டில் தானாகவே கிடைத்துவிடுகின்றன. தாயின் குணத்தையும் நேரில் பார்க்கலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. சில பரம்பரைக் கண் நோய்களில், பெற்றோர் இரண்டுக்கும் பார்வை நன்றாக இருக்கும்; ஆனால் இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் குட்டிக்குப் பார்வை போய்விடும். இனச்சேர்க்கைக்கு முன் பரிசோதனை செய்யவில்லை, அவ்வளவுதான்.

நல்ல ப்ரீடருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்தப் பரிசோதனைக்காகத்தான். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, டாபர்மேன் என்றால் இதயம், டால்மேஷியன் என்றால் இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்கும் திறன். நாய்களின் பரம்பரை நோய்ப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு இடுப்பு மூட்டுக்கான இறுதிச் சான்றை 24 மாத வயதுக்குப் பிறகே தருகிறது. ஒன்றரை வயதில் முதல் ஈத்து போட்ட தாய்க்கு அந்தச் சான்று எப்படி இருந்திருக்கும்? "டாக்டர்கிட்ட காட்டியாச்சு, நல்லா இருக்கு" என்பதைப் பரிசோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெற்றோரின் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண் போட்ட அறிக்கையைக் கேளுங்கள்.

இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழை நீட்டினால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அது சொல்வது வம்சாவளியை மட்டும்தான். ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. அதில் ஒரே பெயர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் திரும்பத் திரும்ப வந்தால், நெருங்கிய ரத்த உறவில் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். நாய்க் கண்காட்சியில் வென்ற கோப்பைகளும் அப்படித்தான். முன்னறையில் சாம்பியன் படங்கள் தொங்க, பின்கட்டில் முப்பது நாய்கள் கூண்டில் கிடந்தால், நான் வீட்டு ஈத்துப் பக்கமே சாய்வேன். "அரிய நிறம்" என்று விலை ஏற்றுபவரிடமும் போக மாட்டேன். மெர்ல் என்ற திட்டுத்திட்டான நிறத்து நாய்கள் இரண்டைச் சேர்த்தால், இருபுறமும் அந்த மரபணுவைப் பெறும் குட்டிகள் செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம்.

பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். "ரெண்டே குட்டிதான் மிச்சம், இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க" என்பார் தரகர். நல்ல ப்ரீடரோ உங்களைக் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா, ஏன் இந்த இனம்? எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தர மாட்டார், காத்திருக்கச் சொல்வார். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவார். இந்தக் கடைசி நிபந்தனை போடுபவரை நான் கண்ணை மூடிக்கொண்டு முன்வரிசையில் வைப்பேன்.

சரி, அப்படி ஒருவர் கிடைக்கவில்லை, தெரிந்த குடும்பம் தன் நாயைச் சேர்க்கப் போகிறது என்றால்? சேர்ப்பதற்கு முன்பே பேசுங்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பல இடங்களில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரியே போதும். செலவில் பங்கு தருவதாகச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனமென்றால் இன்னொன்றும் செய்யுங்கள். தாயைச் சில நிமிடம் வேகமாக நடக்கவிட்டு மூச்சைக் கவனியுங்கள். நின்ற பிறகும் குறட்டைபோல் இழுத்தால் அந்த ஈத்தில் குட்டி வாங்காதீர்கள்.