நல்ல தண்ணீர் கேட்கும் மோட்டார்

திருமங்கலத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாங்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய அதே மாதிரி ஃபைபர் படகு, அதே 15 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரோடு, பழசு, நல்ல விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று. எங்கள் மோட்டார் போன வாரம்தான் மெக்கானிக் கையிலிருந்து திரும்பியது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

படகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் நிற்கிறது. மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் போய்ச் சேர மூன்று மணி நேரம். வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடியும்போது கடலில் இருக்கலாம். மாசி, பங்குனியில் அங்கே கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். அடியில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, தெரியும், ஆமை நீந்துவது தெரியும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எடுத்துவிட்டால் அந்தப் பக்கமே நாங்கள் போவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. இஷ்டத்துக்கு இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. தீவுகளை விட்டு விலகிக் கரையை ஒட்டியே போவோம். ஆளே இல்லாத மணல், அதற்குப் பின்னால் உடைமரமும் பனையும், மைல் கணக்கில். படகின் முன்முனையான அணியத்தில் ஒருவன் காலை நீட்டிப் படுத்திருப்பான், இன்னொருவன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பான். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து பேசுவது இந்தப் படகில்தான்.

மோட்டாரும் ஓட்டத்தில் மோசம் செய்ததில்லை. தொல்லை எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

இது கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கீழே இருக்கும் இம்பெல்லர் என்ற சின்னச் சுழல் சக்கரம் தண்ணீரை மேலே ஏற்றும். அது சிலிண்டரைச் சுற்றிவிட்டு வெளியேறும். அதில் கொஞ்சம் பக்கவாட்டில் சின்னத் துளை வழியாகப் பீச்சும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் கால் பகுதியை, அதாவது கடலுக்குள் இருக்கும் அடிப்பாகத்தை, இறக்கிப் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். விட்டால் உள்ளே உப்பு காய்ந்து வழி அடைத்துக்கொள்ளும்.

"வீட்டுக் குழாயை மாட்டிவிட்டாப் போதும் சார்" என்றார் விற்றவர். மதுரையில் கடைக்குள் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அந்த ஊரில் எந்த வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது? காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வராத நாளில் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டிரம்மில் தேவையான அளவு நிரப்பப் பத்துப் பன்னிரண்டு குடம் வேண்டும். காசு பெரிதில்லை. அந்த வரிசைக்கு எதிரிலேயே, பொழுதுபோக்க வந்த நாங்கள் அவ்வளவு குடிதண்ணீரை ஓர் இயந்திரத்துக்கு ஊற்றுவது எனக்கு ஒப்பவே இல்லை. "எம்புட்டுத் தண்ணி குடிக்குது உங்க மோட்டாரு!" என்றார் ஓர் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் இந்த ரிப்பேர். ஏர்வாடியைத் தாண்டித் திரும்பும்போது பீச்சுகிற தண்ணீர் நூலாக மெலிந்தது. எச்சரிக்கை ஒலி கத்தியது, வேகம் தானாகக் குறைந்தது. நங்கூரம் போட்டு ஆறவைத்து, ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தோம். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் கழற்றினால் வெள்ளையாக உப்பு அப்பியிருக்கிறது. நாங்கள் மதுரைக்குக் கிளம்பிய பிறகு மோட்டாரைக் கழுவி வைப்பவர் அந்த ஊர் அண்ணன் ஒருவர். எந்தத் தண்ணீர் என்று கேட்டோம். போர் தண்ணீர் என்றார். வாயில் வைத்துப் பார்த்தால் கரிக்கிறது. உப்பை உப்பால் கழுவியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவர் வீட்டுப் பிள்ளைகள் குளிப்பதும் அதில்தான். ஊர்க்காரர்கள் தினமும் தொழிலுக்குப் போவதால் அவர்கள் மோட்டாரில் உப்பு இறுகுவதற்கு நேரமில்லை, உங்களுடையது வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது என்றார் மெக்கானிக். நியாயமான பேச்சு. ஆனால் மதுரையில் வேலை பார்ப்பவர்கள் வேறெப்படி வைத்துக்கொள்ள முடியும்?

இனி மதுரையிலிருந்தே கேன்களில் தண்ணீர் ஏற்றிப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு பேரும் சாமானும் போக, காரில் அதற்கு இடமில்லை. ஒரு சின்ன லோடு வண்டி பேச வேண்டும்.

ஆகவே நண்பருக்கு: வாங்க வேண்டாம். மற்ற எல்லாம் நான் சொன்னபடி அருமைதான், இருந்தாலும் வேண்டாம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரங்காட்டிலும் பிச்சைமூப்பன் வலசையிலும் வனத்துறையின் படகுச் சவாரி இருக்கிறது, குடும்பத்தோடு போய் வாருங்கள். அப்படியானால் உங்கள் பங்கையாவது எனக்குக் கொடுங்களேன் என்றும் கேட்டிருந்தார். மற்ற மூவரும் என்ன சொல்வார்களோ, என் பங்கு விற்பனைக்கு இல்லை.