தோட்டத்துக்கு வரும் நிலைத்தன்மைப் பயிற்சி: முதல் நாள் அருமை, இரண்டாம் நாளைத் திருத்தச் சொல்லி வாங்குங்கள்

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் இப்போது இந்த இரண்டு நாள் பயிற்சி பரவலாக நடக்கிறது. நடத்துவது கிள்ளான் பக்கமிருந்து வரும் ஒரு பயிற்சி நிறுவனம். ஒரு குழுவுக்கு 25 பேர், இரண்டு நாளைக்கு 7,500 வெள்ளி. சாப்பாடும் இடமும் தோட்டத்தின் பொறுப்பு. ‘நிலைத்தன்மையும் சமூகப் பொறுப்பும்’ என்று பெரிய தலைப்புப் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை மருந்தடிப்பு, கழிவு, ஆற்றங்கரை, சம்பளம், தங்குமிடம், புகார் என்ற ஆறு பாடங்கள்தான். முதல் மூன்றுக்குக் கொடுக்கும் காசு ஒரு சென்கூட வீணில்லை. பின் மூன்றை இப்போதிருக்கும் வடிவத்தில் வாங்க வேண்டாம்.

எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் ஆனதிலிருந்து பயிற்சிப் பதிவேடு இல்லாமல் தணிக்கையைத் தாண்ட முடியாது. அதனால் கையெழுத்துத் தாளும் நாலு படமும் கிடைத்தால் போதும் என்று பயிற்சி வாங்கும் தோட்டங்கள் பல. அந்தத் தாள் மரத்தடிக்குப் போவதில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குப் போனவரின் கை வேறு மாதிரி வேலை செய்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு பயிற்சியை எடைபோட வேண்டும்.

முதல் நாள் வகுப்பறையில் தொடங்குவதில்லை. பெரட்டு முடிந்ததும் எல்லாரும் நேரே மருந்து ஸ்டோர் வாசலுக்கு வர வேண்டும், அவரவர் தினமும் முதுகில் தூக்கும் அதே 16 லிட்டர் பம்போடு. புதுப் பம்பு கொண்டுவந்தால் பயிற்றுநர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவர் தமிழில் பேசுகிறார், தோட்ட வேலை தெரிந்தவர் என்பது பம்பைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிகிறது. பம்பில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடத்தில் நாசில் வழியாக எவ்வளவு இறங்குகிறது என்று அளவுக் குவளையில் பிடிக்க வைக்கிறார். அடுத்து, அதே நிமிடத்தில் ஒருவர் எத்தனை மீட்டர் நடக்கிறார், எத்தனை அகலம் நனைகிறது என்று நாடா வைத்து அளக்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. நிமிடத்துக்கு 1.2 லிட்டர் இறங்குகிறது, 40 மீட்டர் நடை, 1.2 மீட்டர் அகலம். நனையும் இடம் 48 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு ஹெக்டருக்கு 250 லிட்டர் தண்ணீர், ஒரு பம்புக்கு 640 சதுர மீட்டர். லேபிளில் ஹெக்டருக்கு 2 லிட்டர் மருந்து என்று போட்டிருந்தால் ஒரு பம்புக்கு 128 மில்லி ஊற்ற வேண்டும். பாட்டில் மூடியால் ‘ரெண்டு மூடி, மூணு மூடி’ என்று கலப்பவர்களுக்கு இந்த 128 என்ற எண் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கண்ணில் படுகிறது.

அதற்கடுத்து வருவது இன்னும் நல்ல பாடம். தேய்ந்துபோன நாசிலை மாட்டி மறுபடி அளக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் இறங்குகிறது. பம்பில் கலந்த மருந்து அதே 128 மில்லிதான், ஆனால் 640 சதுர மீட்டருக்குப் போக வேண்டியது 512-இலேயே தீர்ந்துவிடுகிறது. ஹெக்டருக்கு 2 லிட்டர் போக வேண்டிய இடத்தில் இரண்டரை லிட்டர் போகிறது. கால் பங்கு மருந்து கூடுதலாக மண்ணிலும் கானிலும் (வடிகாலிலும்) இறங்குவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் இல்லை, சில வெள்ளி மதிப்புள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக்கை மாற்றாததால். நிலைத்தன்மை என்ற சொல்லை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இங்கே ஒரு குறை. வட்டம் அடிப்பதற்கான, அதாவது மரத்தைச் சுற்றி மட்டும் மருந்தடிப்பதற்கான, கணக்கைப் பயிற்றுநர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். லேபிளில் உள்ள ஹெக்டர் அளவு மருந்து படும் நிலத்துக்கு உரியது, தோட்டத்தின் மொத்தப் பரப்புக்கு இல்லை. ஹெக்டருக்கு 136 மரம், மரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் என்றால் ஒரு வட்டம் சுமார் 12.6 சதுர மீட்டர். எல்லாம் சேர்த்து 1,700 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும், அதாவது ஹெக்டரில் ஏறக்குறைய 17 விழுக்காடு. 2 லிட்டர் மருந்தென்றால் ஒரு ஹெக்டர் தோட்டத்திலுள்ள வட்டங்களுக்கு 340 மில்லி போதும். ஸ்டோர் கிராணியின் புத்தகத்தில் மருந்துக் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பயிற்சிக்கு முன்பே கேட்டு இதைச் சேர்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.

சாயச் சோதனையை எந்தத் தோட்டமும் தவறவிடக் கூடாது. மருந்துக்குப் பதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், மருந்தடிப்பவர் மேல் வெள்ளை உடுப்பு. பத்து நிமிடம் வழக்கம்போல அடித்துவிட்டு வந்து நிற்கச் சொல்கிறார்கள். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்புக் கோடு. வலது கையால் அடிப்பவரின் வலது தொடையும் முழங்காலும் சிவப்பு, ஏனென்றால் தான் அடித்த புல்லுக்குள்ளேயே அவர் நடந்து போகிறார். கையுறைக்குள் உள்ளங்கையும் சிவந்திருக்கிறது, அடைத்த நாசிலைக் கழற்றி ஊதியபோது நனைந்த கையை அப்படியே கையுறைக்குள் விட்டதால். நாசிலை வாயால் ஊதியவரின் உதட்டில் சாயத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. அடைப்பு எடுக்கப் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பம்பிலேயே கட்டிவைக்கச் சொல்லிக் கையோடு கொடுக்கிறார்கள்.

மூன்று முறை கழுவுவதையும் செய்துகாட்டி, பிறகு ஆளாளுக்குச் செய்ய வைக்கிறார்கள். காலி ஜெரிக்கேனில் கால்வாசி தண்ணீர், மூடி, 30 வினாடி குலுக்கல், தண்ணீரைப் பம்புக்குள் ஊற்றி நன்றாக வடிய விடுதல், இப்படி மூன்று தரம். கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றினால் கழுவியும் பயனில்லை, அது பம்புக்குள்தான் போக வேண்டும். கடைசியில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை. ஓட்டை போடாத ஜெரிக்கேன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விடும், அதில் தண்ணீர் பிடிப்பார்கள், மாட்டுக்குத் தவிடு கரைப்பார்கள். கழுவாமல் சேர்ந்த ஜெரிக்கேன்கள் SW409 என்ற அட்டவணைக் கழிவு (ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு), பட்டறைப் பழைய எண்ணெய் SW305. இவற்றை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்துவைக்க முடியாது. கழிவு உருவான தேதியைப் பீப்பாய் மேல் எழுதாததுதான் எல்லா ஸ்டோரிலும் பார்க்கும் தவறு. தேதி இல்லையென்றால் 180 நாளை எங்கிருந்து எண்ணுவது? 2020-இல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் பழைய பாட்டில்கள் மூலையில் கிடக்கின்றனவா என்று அலமாரி அலமாரியாகத் தேடவும் வைக்கிறார்கள்.

ஆற்றங்கரைப் பாடம் சுருக்கம், ஆனால் நேர்த்தி. ஐந்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர், அந்தப் பட்டைக்குள் மருந்தும் உரமும் கிடையாது. தொழிலாளர்களே நாடா பிடித்து அளந்து, எல்லை மரங்களில் சிவப்பு வளையம் பூசுகிறார்கள். இங்கே ஒரு வாய்ப்பு நழுவுகிறது. இந்த வட்டாரக் கான்கள் சிலாங்கூர் ஆற்றில் சேர்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் போவது அதே ஆற்றிலிருந்து. கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகள் வாழ்வதும் அதன் கரையில்தான், அவற்றின் புழுக்கள் கரையோர ஈரத்தில் நத்தைகளைத் தின்று வளர்பவை. பயிற்றுநர் காட்டும் படங்களோ எங்கேயோ உள்ள ஆறுகள். விடுமுறையில் பிள்ளைகளோடு படகேறி மின்மினி பார்த்த தொழிலாளர்களுக்கு ஐந்து மீட்டரின் அர்த்தத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள் வேறு ஆள், வேறு தரம். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மண்டபத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பது. ஸ்லைடு ஆங்கிலத்தில், பேச்சு மலாயில். பின்வரிசையில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதைவிடக் கவலையான விஷயம், ஸ்லைடில் இருக்கும் சட்டம் பழையது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று போட்டிருக்கிறது, 2023 ஜனவரி 1 முதல் அது 45. வேலையிடப் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு 50,000 வெள்ளி அபராதம் என்கிறது, 2024 ஜூன் 1 முதல் அது 500,000 வரை. எம்.எஸ்.பி.ஓ.-வுக்கு ஏழு கோட்பாடுகள் என்கிறது, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து. தணிக்கையாளர் கேட்கும்போது இந்தப் பழைய எண்களைச் சொல்லி மாட்டிக்கொள்வது தோட்ட மேலாளரான துரை இல்லை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

சம்பளப் பாடத்தில் யாருடைய சம்பளச் சீட்டையும் எடுத்துப் பார்க்கவில்லை. பெயரை மறைத்து ஒரு உண்மைச் சீட்டைச் சுவரில் ஒட்டினால் பாடம் தானாக நடக்கும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65.38. குலை வெட்டுபவர் மாதம் முழுக்க வேலைக்கு வந்து, டன் கணக்கில் 1,540 வந்தால் மீதி 160 வெள்ளியை முதலாளி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வரி சீட்டில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டத் தெரிந்தால் போதும், சமூகப் பொறுப்பின் பாதி அதற்குள் அடக்கம். கையுறைக்கும் பூட்ஸுக்கும் சம்பளத்தில் காசு பிடிக்க முடியாது என்பதை முதல் நாள் கையுறை மாட்டும்போதே சொல்லியிருக்கலாம். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் மருந்தடிப்பிலிருந்து மாற்ற வேண்டும் என்பதும் பம்பு பாடத்துக்குள் இருக்க வேண்டிய விஷயம். இங்கே அது நாற்பத்து மூன்றாவது ஸ்லைடில், பசியாறிய களைப்பும் மதியத் தூக்கமும் தாண்டி வருகிறது. மருந்தடிப்பில் பெரும்பங்கு பெண்கள் என்ற ஊரில் இது பொறுக்க முடியாத தவறு.

உடனடி ஆபத்து இருந்தால் வேலையை விட்டு விலகலாம் என்ற உரிமை அதே பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இருக்கிறது. பயிற்றுநர் அதற்குத் தொழிற்சாலை இயந்திரத்தை உதாரணமாகக் காட்டுகிறார். தோட்டத்தில் அது மின்கம்பிக்கு அடியில் நீண்ட அலுமினியக் கம்பில் அரிவாளோடு நிற்பது, இடி இடிக்கும்போது உதிரி பொறுக்குவது. அந்த இடத்துக்கே கூட்டிப்போய், ‘மண்டோர், இந்த மரத்தை நான் இப்போ வெட்ட மாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வைக்க வேண்டும். மண்டோரும் கூடவே நின்று, ‘சரிப்பா, அதை விட்டுட்டு அடுத்த நிரைக்குப் போ’ என்று பதில் சொல்லிப் பழக வேண்டும்.

புகார்ப் பாடம் ஒரு படிவத்தைக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. புகார்ப் பெட்டி அலுவலக வாசலில், கிராணியின் ஜன்னலுக்கு நேராகத் தொங்கினால் அதில் ஒரு தாளும் விழாது. ஆயாக் கொட்டகைப் பக்கமோ கோயில் பக்கமோ மாற்றி, சாவியைத் தொழிலாளர் பிரதிநிதியிடமும் ஒன்று கொடுத்து, எத்தனை நாளில் பதில் என்பதைத் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் எழுதி ஒட்டச் சொல்லியிருக்க வேண்டும். கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பது குற்றம் என்பதை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டித்தான் 2020-இல் அமெரிக்கா இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தது. ஒரு வரிக்கு உரிய விஷயமா இது?

காசு விஷயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியர்கள் வேலை செய்யும் தோட்டம், மனிதவளப் பயிற்சி நிதியை நடத்தும் எச்.ஆர்.டி. கார்ப்புக்கு மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறது, இந்தப் பயிற்சியை அதிலிருந்து எடுக்கலாம். பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்த பிறகு போட்டால் ஒரு வெள்ளியும் வராது. லெவி மலேசியத் தொழிலாளர்களுக்கு மட்டும். அதனால் சில தோட்டங்கள் குலை வெட்டும் அந்நியத் தொழிலாளர்களை விட்டுவிட்டு அலுவலகப் பிள்ளைகளை உட்காரவைத்து 25 பேர் கணக்கு காட்டுகின்றன. பம்பைத் தொடாதவருக்கு நாசில் கணக்கு சொல்லி என்ன பயன்? அந்நியத் தொழிலாளர்களுக்கான பங்கைத் தோட்டமே கைப்பணமாகப் போட்டுக் கூட்டிவர வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டு என்பதையும் முதல் நாள் பெரட்டிலேயே சொல்லிவிடுங்கள். டன் கணக்கில் வாழ்பவர் அந்தக் கவலையோடு உட்கார்ந்தால் எதுவும் காதில் ஏறாது.

கடைசியில் நடக்கும் இருபது கேள்வித் தேர்வைப் பொருட்படுத்த வேண்டாம், விடையை மண்டோர் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் ஆறு வாரம் கழித்து வரும் மறுபார்வையைக் கட்டாயம் வாங்குங்கள், 900 வெள்ளி தனி. அன்றைக்கு முன்னறிவிப்பில்லாமல் ஐந்து பம்பை எடுத்து நாசில் அளக்கிறார்கள், கழிவு ஸ்டோரில் ஓட்டையில்லாத ஜெரிக்கேனை எண்ணுகிறார்கள், சிவப்பு வளையத்துக்கு உள்ளே புல் பச்சையாக இருக்கிறதா, மருந்தில் கருகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதோடு புகார்ப் பெட்டியையும் திறந்து பார்க்க ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முன்பதிவுக்கு ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். காய் அதிகம் இறங்கும் மாதங்களையும் தீபாவளிக்கு முந்திய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். இரசாயனத்தைக் கையாள்பவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி சட்டப்படி வேண்டியிருப்பதால், போன முறை எப்போது என்று பார்த்துத் தேதி குறியுங்கள். முதல் நாள் பயிற்றுநரையே இரண்டாம் நாளுக்கும் கேட்டால் அனுப்புகிறார்கள், கூடுதல் கட்டணம் இல்லை.