தூரத்து ஹாம் நிலையம்: எக்கோலிங்க்கா, வாடகையா, சொந்தமா?

நான் ஹாம், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவன். சென்னையில் அடுக்குமாடிக்குக் குடிவந்ததும் எனக்கு 40 மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசை இல்லாமல் போனது. எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலில், சிக்னல் அளவைக் காட்டும் எஸ்-மீட்டர் 9-ஐ விட்டு இறங்காது. அதற்கான 20 மீட்டர் நீள டைபோல் என்ற கம்பி ஆன்டெனா கட்ட மொட்டைமாடியில் அனுமதியும் இல்லை. இணையம் வழியே வேறு இடத்து ரேடியோவை இயக்குவதுதான் வழி என்று ஆனது.

ஹாம்களை இணையம் வழியே பேச வைக்கும் எக்கோலிங்க் 2002 முதல் இருக்கிறது. ஹாம் உரிமத்தோடு வரும் அழைப்புக் குறியீடான கால்சைனைச் சரிபார்த்துவிட்டால் போனிலேயே பேசலாம், செலவில்லை. ஆனால் இரு பக்கமும் போன் என்றால் நடுவில் ஹாம் ரேடியோ அலையே கிடையாது. ரேடியோ அலையைத் தூரத்துக்குத் திருப்பியனுப்பும் அயனமண்டலம் திறக்கக் காத்திருக்கும் ஆசை எனக்குப் போகவில்லை.

வெளிநாட்டு வாடகை நிலையங்களில் ஆன்டெனா பிரமாதம். நண்பர் ஒருவர் இயக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாலை பார்த்ததோடு சரி. அந்நாட்டு அனுமதி தேவை. எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று எண்ணித் தரும் டிஎக்ஸ்சிசி விருதில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் நாடுதான் கணக்கு. இங்கே சேர்த்த எண்ணிக்கையோடு அது சேராது.

நான் தென்காசிப் பக்கம் சித்தப்பா வீட்டில் சொந்தமாக வைத்தேன். என் ரேடியோவான ஐகாம் ஐசி-7300-இல் நெட்வொர்க் போர்ட் இல்லை. அதனால் யுஎஸ்பி வழியே ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, அதில் ரேடியோவைத் தூரத்திலிருந்து இயக்கும் டபிள்யூஎஃப்வியூ மென்பொருள். அங்கே இரைச்சல் எஸ்2 தான். சென்னையில் புதைந்துபோன குரல்கள் எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. நான் குரலில் மட்டுமே பேசுகிறேன். மோர்ஸ் அடிப்பவர்களுக்கு இணையத் தாமதம் எவ்வளவு உறுத்தும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது பராமரிப்பை வைத்துத்தான். பேசும்போது இணையம் அறுந்தால் ரேடியோ டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிடலாம். அதற்கு டிரான்ஸ்மிட்டைத் தானாக நிறுத்தும் டைம்-அவுட்டை 3 நிமிடத்தில் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் ராஸ்பெரி பை தானாக எழும், ரேடியோவை இங்கிருந்தே எழுப்பலாம். இடிக்குத்தான் வழியில்லை. ரிலே என்ற மின் சுவிட்ச் வைத்து ஆன்டெனாவைத் துண்டிக்கலாமே என்பார்கள். மேகத்திலிருந்து பாய்ந்து வரும் மின்னலுக்கு ரிலேயின் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை.

ஐப்பசியில் மேகம் கறுத்தால் முன்கூட்டியே போன் செய்வேன். "சித்தப்பா, வயரைக் கழட்டிடுங்க." அவர் ஆன்டெனா வயரின் கனெக்டரைத் திருகி எடுத்து, ஜன்னலோரம் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுவிட்டு, பவர் பிளக்கையும் இணைய வயரையும் உருவிவிட்டு, "போட்டாச்சுப்பா" என்பார்.

அப்படி ஒருவர் இருக்கும் வீடானால் யோசிக்காமல் சொந்தமாக வையுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடென்றால் வேண்டாம், வாடகைக்கே போங்கள்.