நமக்கு நாமே திட்டம்: மூணுல ஒரு பங்கு கட்டி பார்க் வாங்கின கதை (5க்கு 3.5)

எங்க நகருக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "இந்த பார்க் யாரு போட்டது, எம்எல்ஏ ஃபண்டா?" இல்லங்க, நாங்க போட்டது. நாங்கன்னா முழுசா நாங்க இல்ல, மூணுல ஒரு பங்கு எங்க காசு, மீதி ரெண்டு பங்கு அரசாங்கம். நமக்கு நாமே திட்டம். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ எழுதறோம், 2 லட்சத்து 60 ஆயிரம் கட்டி வாங்கின இதுக்கு ஒருத்தரும் எழுதக் காணோம், அதான் நான் எழுதறேன். நான் எங்க குடியிருப்போர் சங்கத்துல பொருளாளர், அதாவது எல்லார்கிட்டயும் காசு கேட்டு கெட்ட பேரு வாங்கற ஆளு.

முதல்ல பேரு குழப்பத்தை தீர்த்துடறேன். நான் இதை கூட்டத்துல சொன்ன உடனே ஒரு பெரியவர் "அது ஸ்டாலின் 2015ல ஊர் ஊரா நடந்து போனாரே, அதானே"ன்னார். அது பிரச்சாரப் பயணம், இது திட்டம், பேரு மட்டும்தான் ஒண்ணு. திட்டம் அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1997-98ல வந்தது. 2011க்கு அப்புறம் தன்னிறைவுத் திட்டம்னு பேரு மாறி ஓடிச்சு, 2021-22ல மறுபடி பழைய பேருக்கே வந்துடுச்சு. போர்டு மாறுச்சு, சரக்கு கிட்டத்தட்ட அதேதான். ஊருக்கு பொதுவா ஒரு வேலை வேணும்னா மதிப்பீட்டுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புன்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். அதிகமா எவ்வளவு வேணாலும் போடலாம். தனி ஆளும் போடலாம், சங்கமும் போடலாம், கம்பெனியும் போடலாம்.

இப்ப எங்க கதை. டவுனை ஒட்டின ஊராட்சி, பேருக்குத்தான் கிராமம், வயல் எல்லாம் எப்பவோ பிளாட்டாயிடுச்சு. லேஅவுட் போட்டப்ப பூங்காவுக்குன்னு விட்ட இடம் ஒண்ணு, ஊராட்சி பேர்ல எழுதிக் கொடுத்தது, பன்னெண்டு வருஷமா சீமைக் கருவேலமும் பிராய்லர் கடை கழிவுமா கிடந்துச்சு. 2022 அக்டோபர் 2 கிராம சபையில நாங்க ஒரு இருபது பேர் போய் உக்காந்து தீர்மானம் போட வச்சோம். கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. யாரும் போறதில்ல, அதனாலயே இருபது பேர் சேர்ந்து போனா உங்க குரல்தான் அங்க பெரிய குரல், இதை டிப்ஸா எடுத்துக்கோங்க.

தீர்மான நகலோட யூனியன் ஆபீஸ்ல மனு, அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுநாள்ல இன்னொரு மனு, அப்புறம் ஓவர்சியர் வந்து டேப் பிடிச்சு அளந்து எஸ்டிமேட் போட்டார். வேலி, சுத்தி நடக்கறதுக்கு பேவர் பிளாக் பாதை, ஆறு சிமெண்ட் பெஞ்சு, நாலு லைட்டு கம்பம், எல்லாம் சேர்த்து 7 லட்சத்து 80 ஆயிரம். இவ்வளவான்னு வாயைப் பொளந்தோம். நம்ம ஊர் மேஸ்திரிகிட்ட கேட்டா அஞ்சரைக்கு முடிச்சுத் தர்றேங்கறார். ஆனா அரசாங்க எஸ்டிமேட்ல ஜிஎஸ்டியே 18 சதவீதம் உக்காந்திருக்கும், 2022 ஜூலை வரைக்கும் 12ஆ இருந்தது அப்புறம் 18 ஆயிடுச்சு, அது போக கட்டடத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம். அந்த வரியிலயும் மூணுல ஒரு பங்கு நம்மதுதான். இது தப்புன்னு சொல்லல, ஆனா மேஸ்திரி ரேட்டை மனசுல வச்சுக்கிட்டு வசூலுக்கு கிளம்பாதீங்க, நாங்க கிளம்பி ரெண்டாவது ரவுண்டு கதவைத் தட்ட வேண்டியதாப் போச்சு.

வசூல் பத்தி தனியாவே ஒரு நாவல் எழுதலாம். எங்க நகர்ல 52 வீடு, வீட்டுக்கு 3000, அது 1 லட்சத்து 56 ஆயிரம். வாடகைக்கு இருக்கறவங்க பாதிப்பேர் முகம் சுளிக்காம கொடுத்தாங்க, ஏன்னா அவங்க வீட்டு பிள்ளைங்கதான் ரோட்டுல கிரிக்கெட் ஆடி திட்டு வாங்குதுங்க. சொந்த வீட்டுக்காரர் ஒருத்தர் "பார்க் வந்தா எங்க வீட்டு வாசல்ல வண்டி நிறுத்துவானுங்க"ன்னு மூணு மாசம் இழுத்தார், கடைசியில அவர் வீட்டம்மாதான் அவருக்குத் தெரியாம ஜிபே பண்ணிவிட்டாங்க. மஸ்கட்ல இருக்கற தம்பி ஒருத்தர் 40 ஆயிரம், ஹார்டுவேர் கடைக்காரர் 25, எங்க தெரு பொம்பளைங்க சீட்டுல மிஞ்சின காசு 14, மீதி 25 நாங்க நிர்வாகிங்க அஞ்சு பேர் பிரிச்சுக்கிட்டோம். இதுல எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, காலி பிளாட் வச்சிருக்கற முப்பது முப்பத்தஞ்சு பேர் ஒத்தப் பைசா கொடுக்கல, பாதிப்பேர் சென்னையில கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு போனே எடுக்கல, ஆனா பார்க் வந்த உடனே புரோக்கருங்க எங்க பெஞ்சையும் லைட்டையும் போட்டோ எடுத்து "பூங்கா அருகில்"னு போட்டு சென்டுக்கு ரேட்டை ஏத்திட்டாங்க. ஒரு ஆளு எங்க பெஞ்சுல உக்காந்தே அட்வான்ஸ் எண்ணினதை நான் கண்ணால பார்த்தேன்.

டிடி எடுத்துக் கொடுத்து, நிர்வாக அனுமதி வர ஆறு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நகர்ல என்னை பார்க்கறவன் எல்லாம் "என்ன சார் நம்ம காசு பத்திரமா இருக்கா"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பான். டிடி ஜெராக்ஸை லேமினேஷன் போட்டு பர்ஸ்லயே வச்சுட்டேன். ஆனா ஒண்ணு, அந்த ஜெராக்ஸுக்கு ஒரு மவுசு இருக்குங்க. இதுக்கு முன்னாடி தெருவிளக்குக்கு, தண்ணிக்குன்னு ஆபீஸுக்கு போனப்ப எல்லாம் நின்னுக்கிட்டே பேசிட்டு வருவோம். பணம் கட்டினதுக்கு அப்புறம் போனா உக்காருங்கன்னு சொல்றாங்க. எஸ்டிமேட் நகல் கேட்டோம், கொடுத்தாங்க. ஒவ்வொரு அயிட்டமும் எத்தனை மீட்டர், எத்தனை கன மீட்டர்னு பேப்பர்ல இருந்துச்சு, ரிட்டயர்டு ஈபி லைன்மேன் அண்ணன் ஒருத்தர் அதை மனப்பாடமே பண்ணிட்டார். எனக்கு இந்த திட்டத்துல ரொம்ப புடிச்சது இதுதான், மூணுல ரெண்டு பங்கு மானியம்கூட அடுத்தபடிதான்.

இனிமே குறை. மக்கள் பங்கு பாதிக்குக் கீழ இருந்தா வேலை டெண்டர்ல போகும், ஒப்பந்தக்காரர் செய்வார். பாதியோ அதுக்கு மேலயோ கட்டினா அந்த வேலையை நாமளே எடுத்துச் செய்யலாம், வேணாம்னா டெண்டருக்கு விட்டுடலாம். நாங்க இதை ஒரு வரி விதியாப் படிச்சோம், அதோட வெயிட்டு புரியல. எதுக்கு அதிகமா கட்டணும், குறைஞ்சதை கட்டுனா போதும்னு சாமர்த்தியமா நினைச்சோம். எங்களுக்கு வந்த ஒப்பந்தக்காரருக்கு இந்த பார்க் சுண்டக்காய் வேலை. அவருக்கு அதே நேரத்துல ரோடு வேலை ரெண்டு மூணு ஓடுது. ஒரு நாள் நாலு ஆளு வருவாங்க, அப்புறம் பத்து நாள் யாரும் வரமாட்டாங்க, கலவை மெஷின் மட்டும் பார்க்ல தனியா நிக்கும், பசங்க அதுல ஏறி விளையாடுவானுங்க. பேவர் பிளாக்குக்கு அடியில மண்ணை சரியா திமிசு போட்டு இறுக்காம மணலை ரொப்பி மேல அடுக்கறாங்கன்னு லைன்மேன் அண்ணன் சத்தம் போட்டார், "சார் நீங்க ஓவர்சியர்கிட்ட பேசிக்கோங்க"ன்னு பதில். ஓவர்சியருக்கு இது மாதிரி எத்தனையோ ஊராட்சி. அவரு வர்றதுக்குள்ள மேல பிளாக் போட்டு மூடியாச்சு. எம்-புக்ல, அதாவது முடிஞ்ச வேலையை அளந்து எழுதற பதிவேட்டுல, அளவு பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஏன்னா நீளம் அகலம் சரி, அடியில என்ன இருக்குன்னு டேப்புக்கு தெரியுமா? 2024 ஐப்பசி மழையில வடகிழக்கு மூலையில ஒரு ஆளு நீளத்துக்கு பாதை உள்ள இறங்கிடுச்சு. மனு கொடுத்து, திரும்ப வந்து பிரிச்சுப் போட்டாங்க, இப்பவும் அங்க லேசா பள்ளம்தான்.

பாதி கட்டியிருந்தா? 3 லட்சத்து 90 ஆயிரம். அதாவது இன்னும் 1 லட்சத்து 30 ஆயிரம். 52 வீட்டுக்கும் பிரிச்சா வீட்டுக்கு 2500, அப்ப இருந்த விலைக்கு ரெண்டு சிலிண்டருக்கும் கொஞ்சம் மேல. அதை கேக்க கூச்சப்பட்டோம். பக்கத்து ஊராட்சியில பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் பாதிப் பணம் போட்டு அவங்களே எடுத்து செஞ்சாங்க, போய் பார்த்தேன், கம்பி கட்டறப்ப ஒருத்தர், கான்கிரீட் போடறப்ப ஒருத்தர்னு முறை வச்சு நின்னிருக்காங்க, ஒரு விரிசல் கிடையாது. அதுலயும் சிக்கல் இல்லாம இல்ல, நாமளே செஞ்சாலும் எம்-புக்ல ஏறின அளவுக்குத்தான் பில்லு, அதுவரைக்கும் கொத்தனாருக்கு சனிக்கிழமை சம்பளம் நம்ம கையில இருந்துதான் போகணும், ஒருத்தர் தன் வீட்டு நகையை வச்சு ரெண்டு மாசம் ஓட்டியிருக்கார். கையில சுழற்சிக்கு காசு இல்லாத சங்கம் இதுல இறங்கினா திணறிடும். இருந்தாலும் எனக்கு அவங்க கட்டடத்தைப் பார்த்து பொறாமையாத்தான் இருந்துச்சு.

இன்னொரு வருத்தம். கருவேலத்தை வெட்டி, தூரோட பிடுங்கி, கோழிக் கழிவு மூட்டையை அள்ளி, அந்த இடத்தை இடம் மாதிரி ஆக்கினது நாங்க, பதினோரு ஞாயித்துக்கிழமை. அப்புறம் புங்கை, வேம்பு, நீர்மருது எல்லாம் நட்டு குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினோம். எங்க விஷயத்துல இது எதுவும் மக்கள் பங்குல ஏறல, டிடி தொகை மட்டும்தான் கணக்கு. 2017ல ஏரி தூர்வாற குடிமராமத்து கொண்டுவந்தப்ப விவசாயிங்க 10 சதவீதத்தை பணமா மட்டும் இல்லாம உழைப்பாவோ பொருளாவோ கொடுக்கலாம்னு வச்சாங்களே, அந்த மாதிரி இதுலயும் வச்சிருக்கலாம். என் மச்சினன் சியாட்டில்ல இருக்கான், அங்க 1988லயே இதே மாதிரி ஒரு மானியம் ஆரம்பிச்சிருக்காங்க, அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து வேலை செஞ்ச மணி நேரத்துக்கு ரேட் போட்டு அதையும் அவங்க பங்குலயே சேர்த்துக்கறாங்களாம். பாலத்துக்கு அடியில ஒரு பெரிய பூதம் சிலை, கையில நிஜ காரை நசுக்கிப் பிடிச்சிருக்கும், அதுகூட 1990ல அந்தக் காசை வாங்கி செஞ்சதாம், போட்டோ அனுப்பினான். நான் பூதம் எல்லாம் கேக்கல, பதினோரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு மதிப்பு போட்டிருந்தா சீட்டுக்காசை தொடாம விட்டிருக்கலாம்.

பராமரிப்பு பத்தி கொஞ்சம். பார்க்கை கட்டிக் கொடுத்ததோட திட்டம் ஒதுங்கிடும், அது ஊராட்சி சொத்து, பராமரிக்கறது ஊராட்சி வேலை. எங்க ஊராட்சித் தலைவர் இருந்தவரைக்கும் போன் பண்ணா லைட்டு மாத்த ஆளு வருவான். 2019 டிசம்பர்ல எலெக்‌ஷன் நடந்த மாவட்டங்கள்ல எல்லாருக்கும் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு ஊராட்சி நிர்வாகம் அரசு போட்ட தனி அலுவலர் கைக்கு போயிடுச்சு, எங்களுதும் அதுல ஒண்ணு. அதுக்கப்புறம் நாலு லைட்டுல ரெண்டு எரியல, பல்பை நாங்களே வாங்கி மாத்திக்கிட்டோம். மாசம் வீட்டுக்கு 50 ரூபான்னு வாங்கி ஒரு அம்மாவை கூட்டிப் பெருக்க வச்சிருக்கோம்.

இவ்வளவு குறை சொல்லிட்டு ஏன் மூணரைன்னு கேட்டா, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க. சுகருக்கு நடக்கறவங்க ஒரு ரவுண்டு, காலேஜ் பசங்க போனோட ஒரு பெஞ்சு, பொம்பளைங்க ரெண்டு பெஞ்சு, காசு கொடுக்க மூணு மாசம் இழுத்த அந்த சார் தினமும் நாலாவது பெஞ்சுல. அதுல வேற யாராவது உக்காந்தா முறைக்கிறார்.

இப்ப மழைத்தண்ணி வடிகாலுக்கு ரெண்டாவது மனு போட்டிருக்கோம். இந்தத் தடவை பாதி கட்டறதுன்னு முடிவு, வீட்டுக்கு 4000, காலி பிளாட்காரங்க நம்பரை எல்லாம் பத்திரத்துல இருந்து தேடி எடுத்து தனி வாட்ஸ்அப் குரூப் போட்டாச்சு, இதுவரைக்கும் ஏழு பேர் கொடுத்திருக்காங்க, பதினாலு பேர் குரூப்பை விட்டு போயிட்டாங்க. வேலை முடிஞ்சதும் வந்து இதுல எடிட் பண்றேன்.