பம்பருக்கு க்ரோம் ராப்: பின்னாடி பாஸ், முன்னாடி ஃபெயில்

நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சதுர அடி 80 ரூபாய்க்கு விற்கிற க்ரோம் வினைலை, அதாவது கண்ணாடி மாதிரி பளபளக்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஃபிலிமை, வாங்கிவந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து பம்பர் முழுக்க ஒட்டிவிடலாம் என்று நினைத்தால், வேண்டாம். தட்டையான இடத்துக்கு அது நல்ல சரக்குதான். வளைவும் குழியுமாக இருக்கிற இடத்துக்கு ஆகவே ஆகாது. ஒரே வண்டியில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்த ஆசைக்குக் காரணம் அப்பா ஓட்டிய அம்பாசடர். அதன் பம்பர் இரும்பு, மேலே க்ரோம் முலாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதை விபூதி போட்டுத் தேய்ப்பது என் வேலை. தேய்த்து முடித்தால் தெருவே வளைந்து அதில் தெரியும், என் மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி. இப்போது நான் வைத்திருப்பது 2013 மாடல் வேகன்ஆர், வெள்ளை நிறம், பம்பர் எல்லாம் பிளாஸ்டிக். வெள்ளைக்குக் கீழே க்ரோம் வந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய பிறகு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.

முதலில் ராப், அதாவது வண்டி மேல் போர்த்துகிற இந்த வினைல் ஃபிலிம், ஒட்டிக்கொடுக்கும் ஓர் இடத்தில் விசாரித்தேன். இரண்டு பம்பருக்கும் சேர்த்து 9,000 சொன்னார்கள். க்ரோம் என்றதும் அங்கிருந்தவர் முகத்தைச் சுளித்து, "மேட் கேளுங்க, கிளாஸி கேளுங்க, போட்டுத் தர்றேன் சார். க்ரோம் மட்டும் கொஞ்சம் யோசிச்சுக்குங்க" என்றார். தொழில் தெரிந்த ஆளே தயங்குகிறார் என்றால் எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. 9,000 அதிகம் என்று மட்டும்தான் காதில் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய், 5 அடி அகலத்தில் 8 அடி நீளம் வெட்டி வாங்கினேன், 3,200 ரூபாய். அப்புறம் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் 1,150, ஃபிலிமை அழுத்தித் தள்ள ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்க்வீஜி 90, கூர் பிளேடு கட்டர், துடைக்க அரை லிட்டர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று கணக்கு 5,000 பக்கம் வந்து நின்றது. மிச்சம் பிடித்த லட்சணம் இவ்வளவுதான்.

கடைக்காரர் ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்தார்: "சோப்புத் தண்ணி அடிச்சு ஒட்டுங்க சார், சின்னப் பசங்ககூட ஒட்டிருவாங்க." இது தப்பு. சோப்புத் தண்ணீர் கண்ணாடிக்கு ஒட்டுகிற சன் ஃபிலிமுக்குச் சரி. இந்த வினைலின் பின்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பசையில் மெல்லிய கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரியும். உள்ளே மாட்டிய காற்று வெளியேறுவதற்காகப் போட்ட வழி அது. அதில் தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளேயே தங்கிவிடும், பசையும் சரியாகப் பிடிக்காது. இந்த மாதிரி ஃபிலிமைக் காய்ந்தபடிதான் ஒட்ட வேண்டும். நல்லவேளை, ஒரு துண்டில் மட்டும் அவர் சொன்னபடி முயன்று கெடுத்தேன்.

சரி, சரக்கைப் பற்றி. வினைலில் காஸ்ட், காலண்டர்டு என்று இரண்டு ரகம். காஸ்ட் என்பது தோசை மாதிரி. மாவாகக் கரைத்து மெல்லிசாக ஊற்றிப் பரப்பிக் காயவைக்கிறார்கள், யாரும் அதை இழுத்து அழுத்தவில்லை, அதனால் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். காலண்டர்டு என்பது பரோட்டா மாவு. சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கித் தகடாக்குகிறார்கள். தேய்த்த மாவு கையை எடுத்ததும் சுருங்குகிறதே, அதே புத்தி அதற்கும் உண்டு. நான் வாங்கிய விலைக்குக் கிடைப்பது பரோட்டாதான். அதற்கு மேல் இது க்ரோம் வேறு. அந்தப் பளபளப்பைத் தருகிற உலோகப் படலத்தையும் சுமந்துகொண்டிருப்பதால் சாதாரண வினைல் மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது, கையில் பிடிக்கும்போதே விறைப்பு தெரியும்.

நாள் பார்த்தது மார்கழியில். வெயிலில் பசை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளும், எடுத்து மாற்றி ஒட்ட முடியாது, அதனால் குளிர்ந்த காலை நல்லது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி, ஆனால் மார்கழிக் காலையில் வாசலில் என்ன நடக்கும் என்பதை மறந்துவிட்டேன். நான் பம்பரை ஷாம்பு போட்டுக் கழுவி, ஓரங்களில் பழைய டூத் பிரஷ் விட்டுத் தேய்த்து, ஆல்கஹாலில் இரண்டு தடவை துடைத்து, பசையை மூடியிருக்கிற லைனர் தாளை உரித்துப் பிடித்திருக்கிற நேரம், அம்மா நாலடி தள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் க்ரோமுக்கு அடியில் ஆறேழு கோலமாவுத் துணுக்குகள். வேறு நிறமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. க்ரோமில் ஒவ்வொன்றும் முகப்பரு மாதிரி புடைத்து, அதைச் சுற்றி ஒளி வேறு வட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. கதவு மூடிய ஷெட் இல்லாதவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை தீரும். நான் இரண்டாவது நாள்தான் அதைச் செய்தேன்.

பின்பம்பர் முதலில். வேகன்ஆரின் பின்பக்கம் ஏறக்குறைய தட்டைதான், ஓரத்தில் மட்டும் வளைகிறது. கடையில் போட்ட ரிவர்ஸ் சென்சார்களைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுத்தேன். அவற்றின் மேல் ஃபிலிம் படக்கூடாது, ஓட்டை வெட்டித் திரும்பப் பொருத்த வேண்டும். (முன்பக்கம் ரேடார் வைத்த புது மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் க்ரோமைக் கொண்டு போகவே வேண்டாம், உலோகப் படலம் ரேடாரை மறைத்துவிடும்.) மச்சான் ஒரு முனை, நான் ஒரு முனை. நடுவில் ஒரு பட்டை ஒட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஸ்க்வீஜியைச் சாய்த்து, ஒரு தடவை தள்ளியதில் பாதியளவு அடுத்த தடவை மேலே ஏறும்படி, நிதானமாகப் போனோம். இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும், அந்த அரைமணி நேரம் சுகமான நேரம். வெள்ளை பிளாஸ்டிக் மறைந்து, எதிர்வீட்டு முருங்கை மரம் இலை இலையாக அதில் வந்து நிற்கிறது. ஃபெல்ட்டை லேசாக ஈரமாக்கிக்கொண்டால் கீறல் விழுவதில்லை, காய்ந்த ஃபெல்ட் க்ரோமில் முடி மாதிரி கோடு போடும்.

வெட்டுவதற்கு நைஃப்லெஸ் டேப் என்று ஒன்று கிடைக்கிறது, நடுவில் ஒரு இழை ஓடும் டேப். அதை முதலில் ஒட்டி, மேலே ஃபிலிமைப் போட்டு, இழையைப் பிடித்து இழுத்தால் ஃபிலிம் கிழிந்துகொண்டே வரும், பெயின்ட்டில் கத்தி படாது. எனக்கு அது தெரிய வந்தது கட்டரால் வெட்டிப் பெயின்ட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்ட பிறகு.

இப்போது முன்பக்கம். ஃபாக் லாம்ப் குழி, கிரில் திறப்பு, கீழே உதடு, கறுப்பாகச் சொரசொர பிளாஸ்டிக், எல்லாம் ஒரே பொருளில். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் இது ஒட்டவே இல்லை, பெயின்ட் அடிக்காத சொரசொரப்பில் பசைக்குப் பிடிப்பே கிடையாது. குழிக்குள் ஃபிலிமை அனுப்ப ஹீட் கன்னை வைத்து இழுத்தேன். "மாமா, இழுக்காதீங்க, நிறம் மாறுது" என்றான் மச்சான். நான் கேட்கவில்லை. இழுத்த இடம் மட்டும் பளபளப்பு செத்து, பத்து வருஷம் புழங்கிய எவர்சில்வர் டம்ளர் மாதிரி சாம்பல் பூத்துவிட்டது. ஒருமுறை மங்கினால் போயிற்று, ஆறினாலும் திரும்பாது. போதாததற்கு மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளைக் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று உரிக்காமலே இழுத்துக்கொண்டிருந்தேன், அது விறைப்பை இன்னும் கூட்டியிருக்கிறது.

எப்படியோ குழிக்குள் அமுக்கிவிட்டேன். மறுநாள் மதியம் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால், குழியிலிருந்த ஃபிலிம் கூடாரம் போட்ட மாதிரி எழும்பி நிற்கிறது. இழுத்து ஒட்டிய வினைல் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். அதை மறக்கடிக்க, ஒட்டி முடித்த பிறகு கடைசியாக நன்றாகச் சூடு காட்ட வேண்டும். சாதாரண காஸ்ட் ஃபிலிமுக்கு 90 டிகிரிக்கு மேல் போவார்கள். க்ரோமில் அதே சூட்டைக் காட்டினால் மங்குகிறது, காட்டாவிட்டால் எழும்புகிறது. அந்த ராப் கடைக்காரர் முகம் சுளித்தது இதற்குத்தான். குழியைத் தனித் துண்டு, முகத்தைத் தனித் துண்டு, உதட்டைத் தனித் துண்டு என்று பிரித்து, ஓரங்களில் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு ஒட்டுவதுதான் வழி. தெரிந்தபோது கையில் ஃபிலிம் மிச்சமில்லை. முன்பக்கத்தில் ஒழுங்காக வந்த ஒரே இடம், கயிறு கட்டி இழுக்கும் கொக்கியை மறைக்கிற அந்தச் சின்ன மூடி. தட்டை, உள்ளங்கையில் அடங்கும் அளவு, கழற்றி மடியில் வைத்து ஒட்டினேன், இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஏழு மாதம் ஓடி, நடுவில் கத்திரி வெயிலும் போய்விட்டது. பின்பம்பர் நிறம் மங்கவில்லை. ஆனால் ஓரங்கள் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே சுருங்கி, வெளியே தெரிகிற பசையில் தூசி ஒட்டிக் கறுப்பாக மை இழுத்த மாதிரி ஒரு கோடு. பரோட்டா புத்தி. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை ஓரத்தில் பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுத்தித் துடைத்தால் வட்ட வட்டமாகக் கீறல், அதனால் மெத்துமெத்தென்ற துணி, நிறையத் தண்ணீர், நிழல். ராத்திரியில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டுத் தெறிப்பது எனக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் பாவம். பம்பரோடு நின்றதால் என்னை யாரும் இதுவரை நிறுத்திக் கேட்கவில்லை. வண்டி முழுவதும் நிறம் மாற்றுகிற யோசனை இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள், ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது.

முன்பம்பரில் ஒட்டியதை மூன்றாவது வாரமே உரித்துவிட்டேன். சூடு காட்டிக்கொண்டே, ஃபிலிமை மடக்கி வண்டியோடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்து, மெதுவாக இழுத்தால் வரும் என்பார்கள். விலை குறைந்த ஃபிலிம் அப்படி முழுசாக வராது, பிய்ந்து பிய்ந்து நகத்தளவு துண்டுகளாக வந்தது. பம்பரில் இடது மூலை முன்பு இடிபட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடம், அங்கே ஃபிலிமோடு பெயின்ட்டும் கொஞ்சம் உரிந்தது. டிங்கரிங் பார்த்த பம்பரில் ஒட்டுவதாக இருந்தால் இது நடக்கும் என்று தெரிந்தே ஒட்டுங்கள்.

மதிப்பெண் கேட்டால், தட்டையான இடங்களுக்கும் கதவு ஓரப் பட்டைக்கும் ஐந்துக்கு மூன்றரை, முன்பம்பருக்கு ஒன்று. அந்த ஒன்றும் கொக்கி மூடிக்காக. மறுபடி செய்வதாக இருந்தால் காஸ்ட் க்ரோமாக வாங்கி, மச்சான் சொல்கிறபடி கேட்டு, தை பிறந்த பிறகு ஒட்டுவேன். பின்பம்பரை இப்போதைக்கு எடுக்கிற எண்ணமில்லை, பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூட வேன் வரும்வரை அதன் முன் குத்துக்காலிட்டுத்தான் தலை சீவுகிறான். முன்னால் மிச்சமிருந்த பசையை நீலகிரித் தைலம் தொட்டுத் தொட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாமல் அழகாகக் கரைகிறது. வீட்டுக்குள் வந்ததும் அம்மா கேட்டார், "யாருக்குடா சளி?"